அப்புக்காத்துமார் ஊரில் ஒரு சின்னச் சட்டத்துறை

"யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணிகளுக்கு எப்போதாவது பஞ்சம் இருந்ததா? அதற்கென்று பல்கலைக்கழகத்தில் தனியாக ஒரு துறை எதற்கு?"

இந்தக் கேள்வி அண்மைக் காலத்தில் பல இடங்களில் என் காதில் விழுந்தது. கலியாண வீட்டிலும் விழுந்தது, செத்த வீட்டிலும் விழுந்தது. இளைப்பாறிய பெரிய உத்தியோகத்தர்கள் கூடும் திண்ணைகளில் அது இன்னும் உரத்துக் கேட்கின்றது. கேட்பவர்கள் படியாதவர்கள் அல்லர். பிள்ளைகளை மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆக்கிவிட்டு, ஊரில் மிஞ்சியிருக்கும் காணிக்கு வேலி போடுவதற்கு ஒரு சட்டத்தரணியைத் தேடி அலைபவர்கள்தாம். ஆகவே இக்கேள்விக்கு விரிவாகவே மறுமொழி சொல்ல வேண்டியிருக்கின்றது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். யாழ்ப்பாணம் அப்புக்காத்துமாரின் ஊர்தான். 1974இல் சட்டத்தொழிலின் இரு கிளைகளும் ஒன்றாக்கப்பட்டு எல்லோரும் 'சட்டத்தரணி' என்ற ஒரே பெயரைப் பெறும்வரை, அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் எமது கிராமங்களில் மதிப்போடு சொல்லப்பட்ட இரண்டு சாதியார் இருந்தனர். எமது அரசியலை நடத்தியவர்களும் அவர்களே. குற்றவியல் வழக்குகளில் பேர்போன ஜீ. ஜீ. பொன்னம்பலமும், குடியியல் வழக்குகளில் பேர்போன எஸ். ஜே. வி. செல்வநாயகமும் நீதிமன்ற மேசையிலிருந்து அரசியல் மேடைக்கு ஏறியவர்கள். எனினும் இவர்களில் எவரும் சட்டத்தை யாழ்ப்பாணத்தில் படித்தவர் அல்லர். படிக்க வேண்டுமாயின் கொழும்புக்குப் போக வேண்டும். வசதியிருந்தால் கப்பலேற வேண்டும். சட்டத்தரணிகள் இங்கு விளைந்தார்கள் என்பது உண்மை. சட்டக் கல்வி இங்கு விளையவில்லை என்பதும் அதே அளவு உண்மை. இவ்விரண்டையும் போட்டுக் குழப்புவதிலிருந்துதான் மேற்படி கேள்வியே பிறக்கின்றது.

இந்நாட்டில் சட்டக் கல்விச் சபை 1874இல் உருவானது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை 1947இல் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் 1974இல் திறக்கப்பட்டது. அது திறக்கப்பட்ட இடம் எது? திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி. இராமநாதன் யார்? பிரித்தானியர் ஆட்சியில் சொலிசிட்டர் ஜெனரல் பதவி வகித்த சட்ட அறிஞர். ஒரு சட்ட அறிஞர் வாங்கி விட்ட நிலத்தில், அவர் கட்டிய கட்டடங்களில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. 1978இல் அங்கே மருத்துவ பீடம் வந்தது. சட்டமோ ஏறத்தாழ மூன்றரைத் தசாப்தம் வாசலில் காத்து நின்றது. போர் முடிந்த காலத்தை ஒட்டித்தான் அதற்கு உள்ளே இடம் கிடைத்தது. அதுவும் தனிப் பீடமாக அல்ல, கலைப் பீடத்தின் கீழ் ஒரு துறையாக.

இத்தனை ஆண்டுகள் சட்டம் இல்லாமற் போனதற்காக யாழ்ப்பாணத்தில் எவரும் ஊர்வலம் போனதாக எனக்கு நினைவில்லை. மருத்துவ பீடத்துக்கு ஓர் உபகரணம் வரத் தாமதித்தால் பத்திரிகைகளில் ஆசிரியர் தலையங்கம் வரும். பொறியியல் பீடம் வேண்டுமென்று தசாப்தக் கணக்கில் கோரிக்கைகள் எழுந்தன. சட்டம் வேண்டுமென்று யார் கேட்டார்கள்? 'கலைப்பிரிவுப் பிள்ளைகள் படிப்பது' என்ற ஒரு சொற்றொடருக்குள் எமது சமூகம் சட்டத்தையும் வரலாற்றையும் அரசறிவியலையும் ஒன்றாகக் கட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டது. எந்தச் சமூகம் அரை நூற்றாண்டாகச் சட்டத்தின் பெயரால் அடிபட்டதோ, அதே சமூகம் சட்டத்தைப் படிப்பதை இரண்டாந்தரமாகக் கருதிய விந்தையை என்னவென்பது!

அடிபட்டது என்று சும்மா சொல்லவில்லை. ஓர் உதாரணம் தருகின்றேன்.

நல்லரத்தினம் சிங்கராசா கிழக்கைச் சேர்ந்த ஒரு தமிழர். 1993இல் கைதுசெய்யப்பட்டார். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ் மட்டுமே. அவருடைய குற்ற ஒப்புதல் வாக்குமூலம் என்று சொல்லப்பட்டது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். சிங்கராசா அதில் கைரேகை வைத்தார். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி பொலிஸ் உயரதிகாரி முன்னிலையில் அளிக்கப்படும் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படலாம். அது பலாத்காரத்தால் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை எதிரியின் தலையில். 1995இல் மேல் நீதிமன்றம் அவருக்கு 50 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. வழக்கு ஜெனீவாவுக்குப் போனது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல், அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று கருத்துரைத்தது. அந்தக் கருத்துரையை எடுத்துக்கொண்டு மீண்டும் இலங்கையின் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2006இல் கிடைத்த பதில் என்ன? அக்குழுவுக்குத் தனிநபர்கள் முறையிடுவதற்கு வழிசெய்யும் விருப்புரிமை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என்பதாகும்.

உலகின் எத்தனையோ பல்கலைக்கழகங்களில் சர்வதேசச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இத்தீர்ப்பைப் படிக்கின்றார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் தனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் கைரேகை வைத்த கதை அது. அதைத் தமிழில் எழுதி, தமிழில் விவாதித்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க வேண்டிய இடம் எது? ஒரு பல்கலைக்கழகச் சட்டத்துறை இதற்காகத்தான். வழக்குப் பேசுவதற்கு ஆள் சேர்ப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. சட்டத்தைக் கேள்வி கேட்பதே அதன் தலையாய வேலை. ஆயிரம் சட்டத்தரணிகள் இருந்தாலும் இந்த வேலையைச் செய்ய ஒரு துறை வேண்டும். அடுத்த நாள் வழக்குக்குத் தயாராகும் மனிதருக்கு இருபது ஆண்டுக்கு முந்திய தீர்ப்பை உட்கார்ந்து அலச நேரம் எங்கே இருக்கின்றது?

இனித் தேசவழமைக்கு வருவோம். 1707இல் யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்த திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் எமது வழமைகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்வையிட்டுச் சரியென்றனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டமும், 1947இன் திருத்தமும் அதன் மேல் கட்டப்பட்டவை. இச்சட்டத்தின்படி தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணொருத்தி, தன்னுடைய சொந்தக் காணியை, தாய் தகப்பன் சீதனமாகத் தந்த காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ வேண்டுமாயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும்.

1911இல் கணவன் இருக்குமிடம் தெரியாத பெண் என்றால் ஊருக்கு ஒருத்தி இருந்திருக்கலாம். 2009இற்குப் பின்னர் வன்னியில் நிலைமை என்ன? கணவனை இராணுவத்திடம் கையளித்துவிட்டுத் திரும்பிய பெண்ணிடம் நொத்தாரிசு கேட்கின்றார்: "அவர் எங்கே, கையெழுத்து வைக்க?" அவள் மரணச் சான்றிதழ் எடுத்தால் பிரச்சினை தீரும். 2010இல் அதற்கென்றே தற்காலிகச் சட்டமும் வந்தது. ஆயினும் கணவன் செத்துவிட்டான் என்று தன் கையால் எழுதிக் கொடுக்க அவள் மறுக்கின்றாள். 2016இல் திருத்தம் வந்து 'காணப்படாமைச் சான்றிதழ்' என்றொன்று அறிமுகமானது. நீதிமன்றச் செய்தியாளனாக நான் வரிசையில் கண்ட பெண்களில் பலர் அப்படியொன்று இருப்பதையே அறியாதிருந்தனர். 300 ஆண்டு பழைய வழமை, 100 ஆண்டு பழைய கட்டளைச்சட்டம், நேற்று வந்த சான்றிதழ், இவை மூன்றும் ஒரு பெண்ணின் நாலு பரப்புக் காணியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் யாழ்ப்பாணம். இதைக் கொழும்பில் இருந்துகொண்டு யார் ஆராய்வார்கள்? நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா தேசவழமை பற்றி எழுதிய நூல் இன்றும் வழக்குகளில் எடுத்தாளப்படுகின்றது. ஆனால் அவர் எழுதிய காலத்தில் காணாமலாக்கப்பட்டோர் என்ற வகுப்பே சட்டத்தில் கிடையாது. அடுத்த நூலை எழுத வேண்டியவர்கள் திருநெல்வேலியில் இருக்கின்றார்கள், அல்லது எங்கும் இல்லை.

தேசவழமையைப் 'பண்பாட்டுச் சொத்து' என்று மேடையில் முழங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொத்தென்றால் கணக்குப் பார்க்க வேண்டாமா? பெண்ணின் கையைக் கட்டும் பிரிவை நீக்குவதா, திருத்துவதா, நீக்கினால் சீதனச் சொத்துக்கு இருக்கும் பாதுகாப்பு என்னவாகும் என்பதெல்லாம் ஆய்வு செய்து சொல்லப்பட வேண்டியவை. மேடையில் கைதட்டு வாங்குவதற்குரியவை அல்ல. கொழும்பில் இருந்து யாராவது இதைத் தொட்டால் 'எமது சட்டத்தில் கை வைக்கின்றார்கள்' என்று கொதிக்கின்றோம். நாமே தொடுவதற்கு ஆள் வைத்திருக்கின்றோமா என்று கேட்பதில்லை.

காணியைப் பற்றிப் பேசும்போது 2025ஐ மறக்க முடியாது. அவ்வாண்டு மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வெளியானது. வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணி தொடர்பில் உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும். வராவிட்டால் அரச காணியாகப் பிரகடனப்படுத்தலாம் என்பது அதன் சாரம். உறுதி பதுங்குகுழியில் உக்கிப்போனவர்கள், உரிமையாளர் கனடாவில் இருப்பவர்கள், அந்தத் தாளைக் கண்ணாலேயே காணாதவர்கள் எத்தனை பேர்! எதிர்ப்பு எழுந்தது, விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது, வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. நல்லது. எனினும் அந்த வாரங்களில் ஒரு கிராமத்து விவசாயிக்கு 'உன் காணி இந்தப் பட்டியலில் இருக்கின்றதா, இருந்தால் நீ என்ன செய்ய வேண்டும்' என்று தமிழில், விளங்கும் தமிழில், சொல்லிக் கொடுக்க எத்தனை பேர் இருந்தார்கள்? அரசியல்வாதிகள் அறிக்கை விட்டார்கள். பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் முன்னும் ஒரு மேசை போட்டு இரண்டு சட்ட மாணவர்களும் ஒரு விரிவுரையாளரும் உட்காரக்கூடிய ஒரு நிரந்தர ஏற்பாடு இருந்திருந்தால், அதன் பெயர்தான் சட்டக் கல்வி. அடுத்த வர்த்தமானி வராது என்று எவராவது எழுதித் தருவார்களா?

"சரி, இதையெல்லாம் அந்தத் துறை செய்யட்டுமே, யார் வேண்டாம் என்றது?" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றவர்கள் இருக்கின்றார்கள். அந்தக் கதையைத் தமிழ் மக்கள் இவ்வளவு விரைவாக மறந்தது எனக்கு வியப்பாக இருக்கின்றது.

1996இல் நாவற்குழியில் இராணுவத்தால் பிடித்துச் செல்லப்பட்டு இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் காணாமற்போயினர். அவர்களுட் சிலரின் உறவினர்கள் 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். அவர்களுக்காக முன்னிலையானவர்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் தலைவராக இருந்த கலாநிதி குமாரவடிவேல் குருபரன். சட்ட விரிவுரையாளர் ஒருவர் எவ்வாறு நீதிமன்றத்தில் தோன்றலாம் என்று இராணுவத் தரப்பு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டது. ஆணைக்குழு பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. 2019இன் இறுதியில் பல்கலைக்கழகப் பேரவை அவருக்குத் தடை விதித்தது. அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். 2020 ஜூலையில் பதவியைத் துறந்தார்.

முழுநேர உத்தியோகத்தர் வெளியே தொழில் செய்யக்கூடாது என்று விதி இருக்கின்றதே என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தை நான் எடுத்தெறிந்து பேசவில்லை. வகுப்பறையைக் கைவிட்டுவிட்டு நீதிமன்றத்தில் காசு உழைக்கும் ஆசிரியரைக் கட்டுப்படுத்த விதி வேண்டும்தான். ஆனால் அதே நாட்டில் மருத்துவ பீடத்துப் பேராசிரியர் மாலையில் தனியார் மருத்துவமனையில் நோயாளரைப் பார்க்கின்றார், அது அனுமதிக்கப்பட்டது, நோயாளரைத் தொடாதவர் மருத்துவம் கற்பிக்க முடியாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர். நீதிமன்ற வாசலை மிதிக்காதவர் வழக்கு நடைமுறையைக் கற்பிக்கலாமாம்! இதைவிட முக்கியமானது, முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்பது. மாணவரா முறையிட்டனர்? விரிவுரை நடக்கவில்லை என்று பெற்றோரா முறையிட்டனர்? எந்த வழக்கில் படைத்தரப்பு எதிர்மனுதாரராக நின்றதோ, அந்த வழக்கின் சட்டத்தரணியைப் பற்றிப் படைத்தரப்பே கேட்டது. கேட்டவுடன் ஒரு கல்வி ஆணைக்குழு விதிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கியது. விதி பழையதாக இருக்கலாம். அதைத் தூசு தட்டி எடுத்த நேரம் புதியது.

இதில் ஒரு மனிதரின் தொழில் மட்டும் பாதிக்கப்படவில்லை. அந்தத் துறையின் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் அன்று ஒரு பாடம் கற்றனர். பாடத்திட்டத்தில் அடிப்படை உரிமைகள் என்ற அத்தியாயம் இருக்கும். அதைப் படித்துப் பரீட்சை எழுதலாம். நடைமுறைப்படுத்தப் போனால் உன் வகுப்பறைக் கதவு மூடப்படும் என்பதே அப்பாடம். சிறிய நிறுவனத்தில் ஒரு நல்ல ஆசிரியர் போனால் ஒரு கதிரை காலியாவதுடன் முடிவதில்லை. ஒரு பரம்பரையே தடுமாறுகின்றது. பெரிய பீடத்தில் ஐம்பது பேர் இருக்கலாம், ஒருவர் போவது தெரியாது. சின்னத் துறையில் கூரையைத் தாங்கும் தூண்களே நாலைந்துதான்.

அன்று பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களிலும் சட்டத்தரணிகள் மத்தியிலும் சிலர் குரல் கொடுத்தனர். அவர்களுக்கு என் வணக்கம். மிகப் பெரும்பாலானோர் 'அவருக்கு ஏன் இந்த வேலை' என்றனர். அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

சட்டத்தின் பக்கம் நிற்பவர்களுக்கு வடக்கில் என்ன நேர்கின்றது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. குருந்தூர்மலை வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா, உயிரச்சுறுத்தல் இருப்பதாகக் கூறி 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். நீதிபதிக்கே இந்தக் கதியென்றால், நாளை நீதிபதியாக வேண்டிய மாணவிக்கு என்ன துணிவு சொல்வது? துணிவு ஒருவரிடம் இருந்தால் அது தியாகம். நிறுவனத்திடம் இருந்தால்தான் அது பாதுகாப்பு. சட்டத்துறை பலமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவே.

மொழி விடயத்துக்கு வருவோம். இதில் என் நண்பர்கள் சிலருக்கே என்மேல் கோபம் வரக்கூடும்.

சட்டமாணிப் பட்டம் அங்கு ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமா என்று பொங்குபவர்கள் ஒருபுறம். ஆங்கிலம் இருந்தாற் போதும், தமிழ் எதற்கு என்பவர்கள் மறுபுறம். இருவரும் நீதிமன்றத்துக்குப் போனதில்லை என்று நினைக்கின்றேன். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். நீதவான் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் முறைப்பாடு தமிழில், சாட்சியம் தமிழில், தீர்ப்பும் தமிழில். அதே வழக்கு கொழும்புக்கு மேன்முறையீட்டுக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலமாகின்றது. வழக்கேடு மொழிபெயர்க்கப்பட வேண்டும். அது மொழிபெயர்ப்பாளருக்காகக் கிடக்கும் காலம் வழக்காளியின் ஆயுளிற் கழியும். ஆகவே வடக்கின் சட்டத்தரணிக்கு இரண்டு நாக்கு வேண்டும். ஒரு நாக்கால் கிளிநொச்சி விவசாயியின் சாட்சியத்தை நெறிப்படுத்த வேண்டும். மறு நாக்கால் புதுக்கடையில் மூன்று நீதியரசர் முன் வாதாட வேண்டும். ஒரு நாக்கு மட்டும் உள்ளவரிடம் அகப்படும் கட்சிக்காரர் பாதி வழியில் விடப்படுவார்.

ஆங்கிலத்தை அரசு திணிக்கும் முறை வேறு. சட்டக் கல்லூரியின் அனுமதியையும் பரீட்சைகளையும் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதாக்கும் வர்த்தமானி 2020 டிசம்பரில் வெளியிடப்பட்டது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. நகரத்துப் பிள்ளைக்குப் படிக்கட்டாகவும் கிராமத்துப் பிள்ளைக்கு மதிலாகவும் ஆங்கிலம் இருப்பதை நான் எதிர்க்கின்றேன். மதிலில் ஏணி வைப்பது அரசின் கடமை. ஆனால் எமது துறையில் படித்து வெளியேறும் பட்டதாரி ஆங்கிலத்தில் அழகான கட்டுரை எழுதுகின்றார். தமிழில் ஒரு வழக்குரை வரையச் சொன்னால் விழிக்கின்றார் என்று கீழ் நீதிமன்றங்களில் அலுத்துக்கொள்ளும் சிரேஷ்டர்களை நான் அறிவேன். அவர்களின் குறையில் உண்மை இருக்கின்றது. மருந்து பயிற்றுமொழியை மாற்றுவதல்ல. தமிழில் வழக்குரை வரைதல், தமிழில் உறுதி எழுதுதல், தமிழில் குறுக்கு விசாரணை செய்தல் ஆகியவற்றைக் கட்டாயப் பாடங்களாக வைப்பதே மருந்து. அந்த வகுப்பில் தெற்கிலிருந்து வந்து படிக்கும் சிங்கள மாணவரும் உட்காரட்டும். தமிழில் வழக்குக் கேட்கத் தெரிந்த ஒரு சிங்களச் சட்டத்தரணி, நூறு நல்லிணக்க மாநாடுகளுக்குச் சமம்.

அலுத்துக்கொள்ளும் அதே சிரேஷ்டர்களிடமும் ஒரு கேள்வி. பட்டம் பெற்றாற் போதாது. சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் எழுதி, சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராக இருந்த பின்னர்தான் ஒருவர் சத்தியப்பிரமாணம் செய்யலாம். அந்தப் பயிலுநர் காலத்தில் நீங்கள் எத்தனை பேருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தீர்கள்? எத்தனை பேரைக் கோப்புக் காவவும், தேநீர் வாங்கவும், திகதி எடுக்கவும் வைத்திருந்தீர்கள்? பஸ் காசு கூடக் கொடுக்காமல் ஒரு வறிய வீட்டுப் பிள்ளையை முதலாண்டில் நடத்தினால், இரண்டாம் ஆண்டில் அது கொழும்பில் ஒரு கம்பனிக்குச் சட்ட உத்தியோகத்தராகப் போய்விடும். பிறகு 'எங்கடை பிள்ளைகள் ஊரில் நிற்குதில்லை' என்று பெருமூச்சு விடுவது யாருக்காக?

2015 மே மாதம் 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின் மேல் கல் விழுந்தது. புங்குடுதீவு மாணவி வித்தியாவின் கொலையால் கொதித்த கூட்டம் நீதிமன்றத்தையே தாக்கியது. 2017 செப்டெம்பரில் மூன்று தமிழ் நீதிபதிகள் அமர்ந்த விசாரணை மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தபோது, அதே ஊர் அந்நீதிபதிகளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. தீர்ப்பு பிடித்தால் மாலை, பிடிக்காவிட்டால் கல் என்பது சட்டத்தின் ஆட்சி அல்ல. எதிரிக்கும் ஒரு சட்டத்தரணி வேண்டும் என்பதைக்கூட அன்று ஊரில் சொல்ல முடியாதிருந்தது. இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் அரசியல்வாதி அல்லர், அவருக்கு வாக்கு வேண்டும். பல்கலைக்கழக ஆசிரியர் சொல்லலாம், சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பொதுமக்களின் பணத்தில் அவருக்குச் சம்பளம்.

ஆகவே கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கின்றேன்.

சட்டத்துக்கு அதற்குரிய நிறுவன மரியாதை கொடுக்கப்பட வேண்டும். பதவிகளும் பணமும் கேட்டு வாங்க வல்ல ஒரு பீடாதிபதியின் கீழ், தனக்கென நூலகமும் மாதிரி நீதிமன்றமும் உடைய பீடமாகவே வடக்கில் சட்டக் கல்வி நிலைக்க முடியும்.

சட்ட ஆசிரியர்கள், வகுப்புக்குக் குந்தகம் இல்லாமல், குறிப்பாகப் பொதுநல வழக்குகளிலும் இலவச வழக்குகளிலும் முன்னிலையாவதற்கு எழுத்துமூலமான தெளிந்த விதி வேண்டும். வழக்கு எண்ணிக்கையை வரையறுங்கள். கட்டணத்தில் பங்கு கேளுங்கள். ஆனால் எதிர்மனுதாரர் யார் என்று பார்த்து அனுமதி வழங்காதீர்கள்.

ஐந்து மாவட்டங்களிலும் மாதத்துக்கு ஒரு நாளாவது மாணவர் நடத்தும் சட்ட உதவி மேசை வேண்டும். தேசவழமை, காணி, காணாமலாக்கப்பட்டோர் குடும்பங்களின் சொத்துரிமை ஆகியன பற்றித் தொடர்ச்சியான ஆய்வும், முக்கிய தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கங்களும் வெளிவர வேண்டும்.

இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் தம் பழைய பாடசாலைகளுக்கு மண்டபமும் நுழைவாயிலும் கட்டுவதற்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதி போதும். வளைவுக்குப் பெயர் பொறிக்கலாம், சட்ட நூல்களுக்குப் பொறிக்க முடியாது என்பதுதான் தடையென்றால், அட்டைகளிலும் பெயர் ஒட்டலாம். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

'சட்டத்தரணிகளுக்கு இங்கே பஞ்சமா' என்று திண்ணையில் கேட்கும் பெரியவர்களிடம் இறுதியாக ஒன்று. பஞ்சம் இல்லைத்தான். அப்படியானால் உங்கள் காணி வழக்கு இருபது ஆண்டாக ஏன் முடியவில்லை? பக்கத்து வீட்டுப் பெண் கணவனின் கையெழுத்துக்காக இன்னும் ஏன் அலைகின்றாள்? அடுத்த மூன்று மாத அவகாச வர்த்தமானி வந்தால் அதை வாசித்து விளக்க யாரைக் கூப்பிடுவீர்கள்?

சம்பந்தப்பட்டவர்கள் பதில் சொல்லட்டும். பல்கலைக்கழகப் பேரவையும் அதில் அடங்கும்.